அதே எடை

தொற்று ஓய்ந்து ஆலையை மறுபடி திறந்த அன்று எங்கள் கேன்டீனில் ஒரு பெஞ்சு உடைந்தது. அதற்கு முன்பெல்லாம் ஐந்து பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிட்ட பெஞ்சு. அன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்ததுமே நிறைந்துவிட்டது. ஐந்தாவதாக வந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், "கொஞ்சம் தள்ளுங்கப்பா, நானும் மனுஷன்தானே" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெஞ்சின் கால் மளுக்கென்று போய்விட்டது. எல்லோரும் தரையில் விழுந்து கிடந்தபடியே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிந்தியதைத் துடைக்க வேண்டியவள் நான்.

சும்மா சொல்லக்கூடாது, நானும் இளைத்துப்போய் வரவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் மனுஷர் வேறென்ன செய்வார்கள்? பயம் வந்தபோது எதையாவது கொறித்தோம். பயம் விட்டபோது அந்தச் சந்தோஷத்தில் கொறித்தோம். சிலர் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். எங்கள் சூப்பர்வைசர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பறவை மாதிரி கொத்திவிட்டு எழுந்து போவார். யாராவது தும்மினால் டப்பாவை மூடிவிடுவார். காலமெல்லாம் சோறு போட்டுப் பழகியவள் நான்; ஆளின் முகத்தைவிடத் தட்டைத்தான் அதிகம் பார்ப்பேன். எல்லார் தட்டும் மாறிப்போயிருந்தது. அதில் கிரேனின் தட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கிரேன் என்பது மெஷின் இல்லை, ஆள். சமையல் எண்ணெய் காய்ச்சும் ஆலை எங்களுடையது. பின்பக்க முற்றத்தில் எண்ணெய் நிரப்பும் பெரிய பெரிய தொட்டிகள் நிற்கும், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். எண்ணெய் தீர்ந்ததும் அடியில் கெட்டியாகக் கசடு படிந்துகிடக்கும். யாராவது மேலே ஏறி, வட்டமான ஒரு மூடியைத் திறந்து, அந்த ஓட்டை வழியே உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறங்குகிறவன் கிரேனின் மச்சான், அவன் மனைவியின் தம்பி. எந்த ஓட்டைக்குள்ளும் நுழைந்து வருவான் என்பதால் அவனுக்கு ஓணான் என்று பெயர். மேலே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறவன் கிரேன்.

ஓட்டைக்கு மேலே மூன்று கால் போட்ட ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்று இருந்தது. அது எப்போதோ துருப்பிடித்து இறுகிவிட்டது. மாற்றித் தாருங்கள் என்று கேட்கப்போனால் சூப்பர்வைசர் சொல்வார்: "மெஷின் எதுக்குப்பா? அதான் கிரேன் இருக்கானே." கிரேனுக்கு அதில் பெருமை தாங்காது. வின்ச்சைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கப்பி மேல் கயிற்றைப் போட்டுக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு கை. எண்ணெய் டின்னை ஆளுக்கு ஒன்றாக மற்றவர்கள் தூக்கி வந்தால், இவன் கைக்கு இரண்டாகத் தூக்கி வந்து என் அடுப்படியில் வைத்துவிட்டு, "அக்கா, ஒரு டீ" என்பான். மூச்சுகூட வாங்காது.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இறங்குவதற்கு முன் கிரேன் வலது கையை மடக்கி நீட்டுவான். ஓணான் அதை இரண்டு கையாலும் பற்றிக் காலை மடக்கிக்கொண்டு தொங்குவான். மரக்கிளையில் பையன்கள் தொங்குவார்களே, அப்படி. கை கொஞ்சமும் தாழாது. "சரி மாமா, கிரேன் நல்லா இருக்கு. இறங்குறேன்" என்று அதற்குப் பிறகுதான் ஓட்டைக்குள் காலை விடுவான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கீழே முற்றத்திலிருந்து நாங்கள் பார்த்துக் கேலி செய்வோம். "இந்தக் கூத்து எதுக்குடா தினமும்?" என்று நானே கேட்டிருக்கிறேன். "அக்கா, உங்க உயிரா உள்ள போவுது?" என்று திருப்பிக் கேட்டான்.

தொற்று வந்தபோது ஓணானுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரேனைத்தான் பிடித்தது. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்கவைத்து, மூக்கில் குழாய் சொருகி, வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவன் மனைவி என்னோடு கேன்டீனில் காய் நறுக்குகிறவள். ஆலை பூட்டியிருந்த காலத்தில் தினம் போனில் அழுவாள். பார்க்க விடவில்லை, சாப்பிட்டானா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். "வாசல்ல யாரோ நிக்கிறாங்கன்னு நினைச்சேன்க்கா. சட்டையைப் பார்த்துத்தான் இவர்னு தெரிஞ்சுது" என்றாள். அந்த ஆகிருதி முழுக்கக் கரைந்து எலும்பும் தோலுமாக வந்திருந்தான்.

அப்புறம் ஆரம்பித்தது தீனி. உடம்பைத் தேற்றியே தீர்வது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். ஆனால் அந்த நோய் அவன் மூக்கைக் கெடுத்துவிட்டிருந்தது. முட்டையைக் கிட்டத்தில் கொண்டுபோனால் டயர் எரிகிற வாடை அடிக்கிறது என்பான். கறி அழுகல் வாடை. மீன் வாடையே வேண்டாம், வீட்டை விட்டு ஓடிவிடுவான். பருப்புகூட அழுக்குத் துணி மாதிரி இருக்கிறதாம். இனிப்பு ஒன்றுதான் இனிப்பாக இருந்தது. ரஸ்க், பிஸ்கட், வெல்லம் கரைத்த கஞ்சி, ரொட்டி மேல் ஜாம், சர்க்கரை கொட்டிய டீ. எது உள்ளே போகிறதோ அதைக் கொடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சாப்பிட்டான். இரண்டு எட்டு வைத்தால் இரைத்தது, அதனால் நடக்கவும் இல்லை. ஓணானும் கூடவே உட்கார்ந்து அதையே தின்றான். கல்யாணமாகாதவன், அக்கா வீட்டிலேயே இருப்பவன், ஆலையும் இல்லை, வேறென்ன வேலை? நோயாளிக்குச் செய்ததில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போயிற்று.

ஆலை திறந்த வாரம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நர்ஸ் எடை பார்த்தாள். நோய் வந்து போனவர்கள் பழைய எடைக்கு வந்தால்தான் பழைய வேலை என்று மேலே உத்தரவு. கிரேன் ஏறி நின்றான். நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், போன தடவை எழுதியதைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"அதே எடை! ஒரு கிலோகூடக் குறையல. இந்த மாதிரி நான் யாரையுமே பார்க்கல."

எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் சுவரை விட்டுத் திரும்பி, "கிரேன்னா கிரேன்தான்" என்றார். அவன் மனைவி வெங்காயத் தட்டை அப்படியே வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். செத்துப் பிழைத்தவன் முழு ஆளாகத் திரும்பிவிட்டான். முள்ளே சொல்லிவிட்ட பிறகு யார் என்ன சந்தேகப்பட முடியும்? பின்னாலேயே ஓணான் ஏறினான். முள் ஒரு சுற்று கூடவே போய் நின்றது. "ஓணானா இது? உடும்புடா!" என்று ஒருவன் கத்த, அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவனை உடும்பு என்றே கூப்பிட்டார்கள். அவனும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. கிரேன் நின்றால் முன்பக்கம் வயிறு நிற்கிறது, தோள் இல்லை. வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. எண்ணெய் டின்னைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்னடா, கிரேனுக்குச் சக்கரம் முளைச்சிருச்சா?"

"கையால தொடக்கூடாதுக்கா. சுத்தம் முக்கியம்" என்றான். சொன்னது சரிதானே என்று விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் சுத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அதே சாக்கைத்தான் அவன் தொட்டி மேலும் சொன்னான். முதல் நாள் ஓணான் வழக்கம்போல் கையை நீட்டச் சொன்னபோது கிரேன் இரண்டடி பின்னால் நகர்ந்தானாம். "ஒட்டாம நில்லு மாப்ள. இன்னும் கொஞ்ச நாளைக்கு யார் மேலயும் படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துத் தின்கிறவர்கள்! ஓணானுக்கு அது தோன்றாமலா இருக்கும்? தோன்றியிருக்கும். ஆனால் சாவின் வாசல்வரை போய் வந்த மனுஷன் பயப்படுகிறார் என்று விட்டுக்கொடுத்தான். "சரி மாமா, அதே எடைன்னு மெஷினே சொல்லிடுச்சு" என்று சிரித்துவிட்டு இறங்கினான்.

அந்த வழக்கம் அதோடு நின்றது.

ஒரு மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டிருந்த கிரேன் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, அவருக்குக் கை விட்டுப்போச்சுக்கா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் கதவிடுக்கில் வைத்துத் திருகினானாம். தண்ணீர்க் கேனை மாடிக்குத் தூக்க முடியாமல் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தானாம். காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் அந்தக் கேனைத் தூக்கித் தூக்கிப் பழகிப் பார்க்கிறானாம், கை நடுங்குகிறதாம். பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், தம்பிக்குச் சொல்லக்கூடாதென்று.

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "அடிப்பாவி, உள்ள இறங்குறது உன் கூடப்பொறந்தவன்டி. இன்னிக்கே சொல்லு."

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்க்கா. கயிறு பிடிக்க இவர் இல்லேன்னா வெளியாளுங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன்னு சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லிட்டு இருக்காரு. தம்பி ஏணியிலதான ஏறி இறங்குறான், கயிறு சும்மாதான தொங்குதுன்னு இவர் சொல்றாரு. பெரிய தொட்டி வர்றதுக்குள்ள தேறிடுவாராம். தேறலேன்னா அவரே சொல்லிடுறேன்னு சொல்லியிருக்காரு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. உள்ளே சுவரோடு ஏணி உண்டு. வேலை முடிந்தால் ஓணான் தானாகவே ஏறி வருவான். கயிற்றுக்கு வேலையே கிடையாது, ஏதாவது ஆனால் ஒழிய. ஒன்றும் ஆகாத நாட்களில் கிரேனும் நானும்கூட ஒன்றுதான், யார் வேண்டுமானாலும் கயிறு பிடிக்கலாம். அப்படியே ஒவ்வொரு தொட்டியாக முடிந்துகொண்டு வந்தது. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் தம்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் டீயை வாயில் வைப்பாள்.

பெரிய தொட்டியின் முறை வந்தது. பூட்டியிருந்த காலம் முழுக்கக் கசடு அதிலேயே கிடந்து புளித்துப்போயிருந்தது. அப்படிப்பட்ட தொட்டிக்குள் மூச்சுக்குக் காற்று இருக்காது. பெரிய ஃபேன் வைத்து வெகு நேரம் உள்ளே காற்றடிக்க வேண்டும். அன்றைக்கு வாசலில் எண்ணெய் லாரிகள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "போதும் போதும், இறங்கு" என்று சூப்பர்வைசர் கீழேயிருந்து சைகை காட்டினார்.

கிரேன் அன்று காலை மனைவியிடம் சொன்னானாம்: "இன்னிக்கு மாப்ளகிட்ட சொல்லிடுறேன்." சொல்லத்தான் வாயெடுத்தானாம். ஓணான் ஓட்டைக்குள் காலை விட்டு, வயிறு இடித்து நின்று, "மாமா, அக்கா போட்ட ரஸ்க்கெல்லாம் இங்க வந்து மாட்டிக்கிச்சு" என்று சிரிக்க, இவனும் சிரித்துவிட்டான். வயிற்றை எக்கிக்கொண்டு ஓணான் உள்ளே போய்விட்டான். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்ல வேண்டிய ஆள் தொட்டிக்குள் இருந்தான்.

கொஞ்ச நேரம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கிரேன் கூப்பிட்டான், பதில் இல்லை. எட்டிப் பார்த்தான். ஓணான் கசடில் முகம் பக்கவாட்டில் படக் கிடந்தான்.

கழுத்தில் விசில் தொங்குகிறது. ஏதாவது ஆனால் முதலில் அதைத்தான் ஊத வேண்டும், ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. கிரேன் ஊதவில்லை. முதலில் இழுத்தான். அத்தனை வருஷம் எல்லோரும் சேர்ந்து கிரேன் கிரேன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மனுஷன், கயிற்றைக் கண்டதும் இழுக்காமல் வேறென்ன செய்வான்? வெறும் பயத்தின் பலத்தில் ஓணான் ஓராள் உயரம் மேலே வந்தான். அப்புறம் கை விட்டது. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. மறுபடி இழுத்தான், மறுபடி ஓடியது. கடைசியில் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, சட்டத்தின் காலில் பாதத்தை உதைத்து, மல்லாந்து படுத்துவிட்டான். அவன் எடைக்கும் ஓணான் எடைக்கும் சரியாகப் போயிற்று. ஓணான் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அந்தக் கெட்ட காற்றுக்குள் நடுவில் தொங்கினான்.

அப்போதுதான் விசிலை வாயில் வைத்தான். நோய் தின்ற நுரையீரல், இடுப்பை இறுக்கும் கயிறு. சீழ்க்கை வரவில்லை, காற்றுதான் வந்தது. லாரி ஹாரனில் அது யாருக்குக் கேட்கும்? ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தற்செயலாக நிமிர்ந்தவன், தொட்டி மேல் ஒரு செருப்புக் கால் சட்டத்தை உதைத்தபடி நடுங்குவதைப் பார்த்தான். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினான். மூன்று பேர் சேர்ந்து இழுத்ததும் கிணற்று வாளி மாதிரி வந்துவிட்டான் ஓணான். ஓட்டையில் வயிறு மாட்டி ஒரு கணம் நின்றான். பிய்த்து எடுத்தார்கள்.

கேன்டீன் வாசலில் நின்று நானும் அவளும் பார்த்தோம். "நீங்க அன்னிக்கே சொன்னீங்களேக்கா, நீங்க அன்னிக்கே சொன்னீங்களே" என்று அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். அந்த வார்த்தையை நான் இன்றுவரை வெறுக்கிறேன். சொல்லி என்ன ஆயிற்று?

ஓணான் சாகவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் அதிகமாகிவிட்டது என்றார்கள். கண் திறக்கிறான், ஆளைத் தெரிகிறது, கை கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. வாயில் சொல் வருவதற்குள் எச்சில் வந்துவிடுகிறது.

கிரேனின் கைப்புண்ணுக்குக் கட்டுப்போட்ட டாக்டரம்மா அவன் இரண்டு சட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டு, மேல்கையைப் பிடித்துப் பார்த்தாளாம். "எடை இருக்கு, ஆனா சதை இல்லையே. படுக்கையில கிடந்தப்ப போனது சதை, அப்புறம் வந்ததெல்லாம் கொழுப்பு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." முட்டை, பருப்பு, மீன் சாப்பிடு, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகு, வருஷக்கணக்கில் ஆகும் என்றாளாம். இதை இவ்வளவு நாள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், நாங்கள் கைதட்டினோம், அத்தோடு சரி.

மறுவாரமே ஆலைக்குப் புது வின்ச் வந்தது, பளபளவென்று. ஒரு சின்னப் பிள்ளை கைப்பிடியைச் சுற்றினாலும் யானை மேலே வரும் என்று சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் போகவில்லை. போயிருந்தால் வாயைக் கட்டியிருக்க முடியாது. கிரேனுக்கு வாசல் கேட்டில் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள்.

ஓணானைக் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், குளியலறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் தூக்க வேண்டும். அவளால் முடியாது. கிரேனாலும் முடியவில்லை. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான் காலையும் மாலையும் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூக்கிவிட்டு வந்தான், நல்ல பிள்ளை. அவன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கும்போது கிரேன் காலைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் ஓணான் எதையோ சொல்ல முயன்றானாம். குனிந்து கேட்டார்கள். வாய் கோணக் கோண, "மாமா... நீ" என்றானாம். அவ்வளவுதான். கிரேன் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் என் முன்னால் வந்து நின்றான். "அக்கா, அவிச்ச முட்டை இருக்கா?"

"உனக்குத்தான் நாறுமே."

"இருந்தா குடுங்கக்கா."

சட்டைப் பையிலிருந்து துணி காயப்போடுகிற கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டான். முட்டையை வாயில் போட்டான். கிளிப் மாட்டினாலும் வாடை தொண்டை வழியாக ஏறுமாம். கண்ணில் நீர் கொட்ட, மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விழுங்கினான். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வாய் கழுவிக்கொண்டு வந்து, "இன்னொண்ணு" என்றான். முதல் நாள் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் எழுந்து அவனுக்கு இடம் விட்டான்.

இப்படியே நாள் ஓடியது. முட்டை, பிறகு பருப்பு, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மீன். ரஸ்க் தின்ற வாய், தண்டனை மாதிரி தின்றது. கேட்டில் உட்கார்ந்தபடியே மணல் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கித் தூக்கி இறக்கினான். வயிறு கொஞ்சம் இறங்கியது. கை? எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. டாக்டரம்மா வருஷக்கணக்கில் என்றுதானே சொன்னாள்.

அங்கே வீட்டில் ஓணானுக்கு விழுங்கவே மறந்துபோகும். ஒரு கரண்டி கஞ்சி கொடுத்துவிட்டு, தொண்டையைத் தடவி, பேச்சுக் கொடுத்து, அது இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. பாதி தோளில் வழிந்துவிடும். எப்போதும் குளிர்கிறது என்று நடுங்குகிறவனுக்குச் சட்டை மேல் சட்டையாகப் போட்டுப் போர்வையும் சுற்றி வைத்திருந்தாள். "நேத்து குளிப்பாட்டினேன்க்கா" என்றாள் ஒரு நாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதுகெலும்பு ஒவ்வொண்ணா கையில தட்டுது. உடும்பு உடும்புன்னு கத்துனாங்களே. இப்ப ஓணான்கூட இல்லக்கா. சட்டையைக் கழட்டினா உள்ள ஆளே இல்ல." குளிப்பாட்டுவது, துடைப்பது, உடுத்துவது எல்லாம் அவள்தான். அந்த வேலையில் கிரேனைப் பக்கத்தில் வரவே விடமாட்டான் ஓணான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் கிரேன் பார்த்ததெல்லாம் போர்வையைத்தான்.

ஒரு காலை ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குக் காய்ச்சல். அவன் வரவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன்பே கிரேன் கேன்டீனுக்குள் வந்தான், கிட்டத்தட்ட ஓடி. நோய்க்குப் பிறகு அவன் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா! இன்னிக்கு நான் தனியாத் தூக்கிட்டேன்க்கா! ஒரே தம்ல! கட்டில்ல இருந்து நாற்காலிக்கு. யாரும் கை கொடுக்கல. மாப்ள ரெண்டு கையையும் எடுத்து என் கழுத்துல போட்டுக்கிட்டேன், அப்படியே தொங்குற மாதிரி. கை கொஞ்சம்கூட நடுங்கலக்கா!"

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு நர்ஸ் முன்னால் தட்டினார்களே, அதே ஆட்கள், அதே மாதிரி. அவன் மனைவி கொதிக்கிற பாத்திரத்துக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டாள். ஆவி முகத்தில் அடித்தும் நகரவில்லை.

கிரேன் பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டைக் கையைச் சுருட்டித் தன் மேல்கையைப் பார்த்தான். அழுத்திப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவள் முதுகைப் பார்த்துக் கேட்டான்:

"ஏம்மா, தம்பி எடை எதுவும் குறைஞ்சிருக்கானா?"

அவள் கரண்டியை எடுத்துப் பாத்திரத்தை ஒரு தடவை கிளறினாள். திரும்பாமலே சொன்னாள்:

"அதே எடைதான். ஒரு கிலோகூடக் குறையல."

அவன் தலையை ஆட்டினான். கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு தட்டை என் பக்கம் நகர்த்தினான். நான் முட்டையை வைத்தேன்.